குடத்தை இறக்கிய பின்னும்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டில் ஈரம் ஏறிவிட்டது. அரியாங்குப்பத்தில் ஆற்றுக்கு அண்மையில் குடியிருப்போர்க்கு இது புதிதன்று. சங்கராபரணி கடலைத் தொடுமுன் இரண்டாகப் பிரிந்து, அரியாங்குப்பத்தாறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் பெயர் பெற்று, எங்கள் ஊரை இருபுறமும் அணைத்துக்கொண்டு செல்கிறது. அடைமழை பிடித்தால் வீட்டுச் சுவர்களும் வியர்க்கத் தொடங்கிவிடும். அன்று அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் பரப்பினேன். பழைய பாடநூல்கள், கடைப் பெயர்ப்பலகைகளுக்காக நான் போட்டுப் பார்த்த எழுத்து மாதிரிகள், கட்டுக் கட்டாக வாழ்த்து அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றிய படம் ஒன்று கிடந்தது.

1991ஆம் ஆண்டு தவக்காலத்தில் நான் வரைந்த படம் அது. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வருகின்ற சமாரியப் பெண். பங்கில் வெளியிட்ட ஒரு சிறுநூலுக்காகக் கார்ட்ரிட்ஜ் தாளில் நிப்புப் பேனாவும் இந்தியன் இங்க்கும் கொண்டு கோடிட்டு, போஸ்டர் கலரில் வண்ணம் தீட்டியிருந்தேன். நண்பகல் வெயில், வட்டக் கிணற்றின் கைப்பிடிச் சுவர், சுவரோரம் இறக்கி வைத்த மண்குடம், அருகில் நிற்கும் அந்தப் பெண். ஆண்டவரை முழுமையாக வரையும் துணிவு எனக்கு அப்போது இல்லை. களைத்து அமர்ந்த அவருடைய பாதங்களும் மேலாடையின் ஓரமும் மட்டும் படத்தின் விளிம்பில் தெரியும்.

மாதிரியாக நின்றவர் என் அம்மா. சோறு வடிக்கிற நேரத்தில், "கால் மணி நேரம் நில்லும்மா" என்று கெஞ்சிக் கொல்லைக் கதவருகில் நிறுத்தினேன். "என்னை வெச்சு எழுதினா யாருடா பார்ப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே நின்றார். 2003ஆம் ஆண்டில் அம்மா இறைவனடி சேர்ந்தார். அவருக்கு எங்களிடம் உள்ள நிழற்படங்கள் மூன்றே மூன்று. மூன்றிலும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நிற்கின்ற அம்மா இந்தப் படத்தில்தான் இருக்கிறார்.

தாள் பழுத்திருந்தது. மேல் மூலையை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. நீல வானம் சாம்பலாகி, சேலையின் செம்மண் நிறம் திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. ஆயினும் கறுப்புக் கோடுகள் நேற்றுப் போட்டவைபோல் நின்றன. இந்தியன் இங்க் விளக்குக் கரியிலிருந்து செய்யப்படுவது. கரி வெயிலில் வெளிறுவதில்லை. வண்ணம் போனாலும் கோடு நிற்கும் என்று நான் தொழில் கற்ற காலத்தில் மூத்தவர்கள் சொல்வதுண்டு.

படத்தைப் பார்த்த பங்குப் பேரவை நண்பர் ஒருவர், வரவிருக்கும் விழா மலரின் அட்டைக்கு இதனையே போடலாம் என்றார். "இப்படியே வேண்டாம். கம்ப்யூட்டரில் புதுசாகச் செய்துவிடுங்கள்" என்பது அவர் வேண்டுகோள். எனக்கும் அந்த ஆவல் உள்ளூர இருந்தது. முப்பத்தொரு வயதில் வரைந்ததை அறுபது கடந்த கை எவ்வாறு செய்யும் என்று பார்க்க விரும்பினேன்.

என் தொழிலைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். நான் பெரிய ஓவியன் அல்லன். கடலூர் சாலைக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். ஆலய விழாக்களுக்குத் துணித் திரைகள் தீட்டியிருக்கிறேன். சிறுநூல்களுக்குப் படம் போட்டிருக்கிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் பேனர்கள் வந்தபோது தூரிகைக்கு வேலை இல்லாமற் போயிற்று. என்னோடு பலகை எழுதியவர்களுள் சிலர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். நான் நாற்பது வயதுக்கு மேல் ஒரு பயிற்சி நிலையத்தில், என் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் கற்றேன். அதனால் பிழைத்தேன். ஆகவே கணினியை நான் பகையாக எண்ணியதில்லை.

எனினும் கணினியில் எழுத்தும் பூ வேலையும் செய்தேனே அன்றி, மனித உருவம் வரைந்ததில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவள் என் தங்கையின் மகள். எங்கள் ஊரிலேயே இருக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயில்கிறவள். தன்னுடைய வரைபலகையையும் அதற்குரிய பேனாவையும் என் முன் வைத்து, "பயப்படாதீங்க மாமா, எது தப்பாப் போனாலும் பின்னால போயிடலாம்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. இங்க்கில் ஒரு கோடு தவறினால், காயவிட்டு, சவர அலகின் நுனியால் தாளைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, அதன்மேல் மீண்டும் வரைய வேண்டும். சுரண்டிய இடத்தில் இங்க் ஊறிப் பரவும் அபாயமும் உண்டு. கணினியிலோ 'அன்டூ' என்ற கட்டளை ஒன்று போதும். தவறு நிகழ்ந்த சுவடே இராது. 'லேயர்' என்னும் அடுக்குகள் அதைவிடப் பெரிய வசதி. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருளில் 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இவ்வசதி உள்ளது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல், கோட்டை ஓர் அடுக்கிலும் வண்ணத்தை மற்றோர் அடுக்கிலும் நிழலை வேறோர் அடுக்கிலும் வைத்து வேலை செய்யலாம். வேண்டாத அடுக்கை மூடிவைக்கலாம், வேண்டும்போது திறக்கலாம். பழைய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்து, எல்லாவற்றுக்கும் அடியில் முதல் அடுக்காக வைத்தோம்.

பழையதைத் திரும்ப வரைவது குற்றமோ என்ற ஐயம் எனக்குத் தொடக்கத்தில் எழவில்லை. எழக் காரணமும் இல்லை. நம் நாட்டில் படங்கள் வாழ்ந்த வழியே அது. இரவி வர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களை அரண்மனைக்கு வெளியே கண்டவர் மிகச் சிலர். 1894ஆம் ஆண்டில் அவர் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கிய பின்னரே அவருடைய இலக்குமியும் சரசுவதியும் எளிய வீடுகளின் சுவருக்கு வந்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் அந்த மரபைத் தொடர்ந்து தெய்வ உருவங்களைத் தங்கள் கைவண்ணத்தில் தீட்ட, அவை சிவகாசி நாட்காட்டிகளில் அச்சாகித் தமிழகம் எங்கும் பரவின. ஒருவர் வரைந்ததை மற்றொருவர் வாங்கி, தம் காலத்துக்கு ஏற்ப மாற்றி, அடுத்தவர்க்குக் கொடுத்தார்.

பத்திரிகை ஓவியத்திலும் இதே கதைதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது மணியம் படம் வரைந்தார். பின்னர் அதே இதழ் அத்தொடரை மறுபடி மறுபடி வெளியிட்டபோது வினு, பத்மவாசன், வேதா என்று வேறு வேறு ஓவியர்கள் அதே குந்தவையையும் வந்தியத்தேவனையும் தத்தம் கண்ணால் கண்டு வரைந்தார்கள். முதலில் எந்தப் படத்தோடு கதையைப் படித்தோமோ அதுவே உண்மையான குந்தவை என்று நாம் ஒவ்வொருவரும் வாதாடுவோம். கணினியைப் பொறுத்தவரை, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற டிராட்ஸ்கி மருது போன்றவர்கள் தொடக்க நாட்களிலேயே அதனையும் ஒரு தூரிகையாக ஏற்றுக்கொண்டு வழி காட்டியிருக்கிறார்கள். இத்தனை பேர் நடந்த பாதையில் நானும் நடக்கிறேன் என்றே எண்ணினேன்.

பத்து நாட்கள் வேலை நடந்தது. பூச்சி அரித்த மூலையை நிரப்பினேன். வானத்துக்கு நீலத்தை மீட்டேன். 1991இல் என்னிடம் இருந்தவை ஆறு வண்ணப் புட்டிகள். இப்போதோ இலட்சக்கணக்கான நிறங்கள் பேனா நுனியில் காத்திருந்தன. கிணற்றுச் சுவரின் காரைக்கு வெயிலின் மஞ்சளும் நிழலின் ஊதாவும் சேர்த்தேன். குடத்தின் வயிற்றில் ஒரு துளி ஒளி வைத்தபோது, அது ஈரக் குடமாகிவிட்டது. உண்மையில் மகிழ்ந்தேன். என் கை இன்னும் ஓயவில்லை என்ற மகிழ்ச்சி அது.

பிறகு அந்தப் பெண்ணின் உருவத்துக்கு வந்தேன்.

அதில் ஒரு பிழை இருப்பது எனக்கு முன்பே தெரியும். குடம் கீழே இருக்கிறது, கை வெறுங்கை. ஆனால் அவளுடைய இடது இடுப்பு வெளியே துருத்தி, உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, வலது தோள் ஒரு விரற்கடை அளவு தாழ்ந்திருந்தது. சிறுநூல் அச்சானபோதே மூத்த ஓவியர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி, "குடத்தைத் தூக்கி நிற்பவளின் உடம்பை வரைந்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்துவிட்டாய்" என்று நகைத்தார். உடற்கூறு தெரியாதவன் என்ற வெட்கம் என் நெஞ்சில் பல ஆண்டுகள் முள்ளாய்க் கிடந்தது. இப்போது திருத்த வாய்ப்புக் கிடைத்தது. திரையில் ஒரு தூக்குநூல் இட்டேன். தோள்களை ஒரே மட்டத்துக்குக் கொணர்ந்தேன். இடுப்பை உள்ளே வாங்கினேன். முதுகெலும்பு நிமிர்ந்தது. அரை மணி நேரத்தில் முப்பது ஆண்டு முள் வெளியே வந்துவிட்டது. தங்கை மகள் பார்த்து, "சூப்பர் மாமா" என்றாள். மலர்க் குழுவினர்க்கும் மிகவும் பிடித்தது. அட்டை அச்சுக்குப் போயிற்று.

அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் தங்கை, எண்பது வயது கடந்தவர். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரு தம்பி இது?"

"அம்மாவை வெச்சு வரைஞ்சேனே சின்னம்மா, அந்தப் படந்தான். புதுசாப் பண்ணியிருக்கேன்."

மறுபடியும் பார்த்தார். "மொகம் அக்கா மொகந்தான். ஆனா நிக்கிறது அக்கா இல்லையே."

"ஏன் சின்னம்மா?"

"அக்கா எங்க இப்படி நெட்டக்குத்தலா நின்னா? இந்தப் பக்கம் இடுப்பு ஒதுங்கியே இருக்கும். கொடத்த எறக்கி வெச்ச பொறவும் அப்படியேதான் நிப்பா. எத்தினி வருசம் சொமந்தா! நீ பாத்ததே இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தெருக் கிணற்று நீர் உவர்ப்பு. ஆற்றின் கழிமுகம் அருகில் இருப்பதால் கடல்நீர் ஏறிக் கலந்துவிடும். குளிக்கலாம், துவைக்கலாம், பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குத் தென்னந்தோப்புக் கிணற்றுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் மூன்று நடை, மாலையில் இரண்டு நடை. தலையில் ஒரு தவலை, இடது இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். தெருவுக்குக் குழாய் வரும்வரை அம்மாவின் நாள் இவ்வாறே தொடங்கி இவ்வாறே முடிந்தது. என் தங்கைக்குப் பத்து வயதானதும் அவளும் ஒரு சிறு குடத்தோடு உடன் சென்றாள். நான் சென்றதில்லை. ஆண்பிள்ளை குடம் தூக்குவதில்லை என்பது அப்போதைய வழக்கம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான்.

குடத்தின் எடை இடுப்பை ஒருபுறம் தள்ளும். விழாமல் இருக்க உடம்பு மறுபுறம் சாயும். ஒரு நாளைக்கு ஐந்து முறை என்று இருபது ஆண்டுகள் சாய்ந்த உடம்பு, பிறகு சுமை இல்லாதபோதும் சாய்ந்தே நிற்கிறது. 1991இல் கொல்லைக் கதவருகே நின்றவரின் கையில் குடம் இல்லை. என் கை கண்டதை அப்படியே கோடாக்கியது. அது என்னவென்று என் அறிவு கேட்கவில்லை. அந்த மூத்த ஓவியர் நகைத்தபோதும் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் அப்போது அடுத்த அறையில்தான் இருந்தார். என் பிழை என்றே நம்பினேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, என் வாழ்நாளில் நான் வரைந்த கோடுகளுள் மிக உண்மையான கோட்டை என் கையாலேயே அழித்துவிட்டு, அதைத் திருத்தம் என்று பெயரிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்றிரவு உறங்கவில்லை. பழையதன்மேல் புதியது எழுதியவர்களின் கதைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில் நாயக்கர் காலத்து ஓவியங்களைத்தான் மக்கள் நெடுங்காலம் கண்டுவந்தார்கள். 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர், அவற்றின் அடியில் வேறோர் அடுக்கு இருப்பதைக் கண்டறிந்தார். இராசராசன் காலத்துச் சோழ ஓவியங்கள் அவை. நாயக்கர் காலத்து ஓவியர்கள் தீய எண்ணத்தோடு மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. மங்கிய சுவரைப் புதுப்பிக்கிறோம் என்றே நினைத்திருக்கக் கூடும். அவர்கள் மேலே பூசிய சாந்தே அடியில் இருந்த ஓவியத்துக்குப் போர்வையாகவும் இருந்தது. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கைச் சிதையாமல் உரித்தெடுத்து, தனிப் பலகைகளில் பதித்துக் காத்தார்கள். இன்று இரண்டும் இருக்கின்றன. ஒன்றைக் காட்ட மற்றதைக் கொல்லாத அந்தப் பொறுமையை எண்ணி வியந்தேன்.

உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மிக்கேலாஞ்சலோ 1541இல் முடித்த இறுதித் தீர்வை ஓவியத்தில் ஆடையற்ற உருவங்கள் இருப்பது பலர்க்கு உறுத்தியது. தானியேல் தா வோல்தெர்ரா என்ற ஓவியரை அழைத்து ஆடைகள் வரையச் செய்தார்கள். அவர் மிக்கேலாஞ்சலோவின் நண்பர். ஆனாலும் உரோமை மக்கள் அவருக்குக் 'காற்சட்டைக்காரர்' என்று கேலிப் பெயர் சூட்டிவிட்டனர். 1994இல் நிறைவுற்ற தூய்மைப் பணியின்போது, பின்னர் வந்தோர் சேர்த்த ஆடைகள் பலவற்றை நீக்கினார்கள். தானியேல் வரைந்தவற்றை வரலாற்றுச் சான்றாக விட்டுவைத்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஸ்பெயின் நாட்டு போர்ஹா என்ற சிற்றூரில் 2012ஆம் ஆண்டு நடந்தது உலகமே சிரித்த கதை. ஆலயச் சுவரில் உரிந்துகொண்டிருந்த முள்முடி சூடிய இயேசுவின் முகத்தை, பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அன்பு மிகுதியால் தாமே சரிசெய்யப் போக, முகம் உருத் தெரியாமற் போயிற்று. செய்தித்தாள்கள் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. அவர் செய்ததை உலகம் கண்டுபிடித்துவிட்டது. நான் செய்ததோ அழகாக இருந்தது. சின்னம்மா ஒருவரைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குடும்ப நிழற்படங்களை எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, ஜப்பானியக் கேலிச்சித்திரப் படம்போல் மாற்றிப் பகிர்ந்துகொண்டது ஊரெங்கும் பரவியதே, அப்போதும் அழகுக்குக் குறைவில்லை. எங்கள் பாட்டியின் படம் ஒன்றும் அப்படி வந்தது. காதில் பாம்படம் தொங்கித் தொங்கி நீண்ட துளை, அந்தப் படத்தில் சீராக மூடப்பட்டிருந்தது.

விடை எங்கள் ஊருக்கு அருகிலேயே இருந்தது. அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, மண்ணை அடுக்கு அடுக்காகப் படித்து, உரோமையரோடு நாம் நடத்திய வாணிகத்தின் காலத்தை வரையறுத்த கதையை இவ்வூர்ப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். அங்கே கிடைத்த பொருள்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்திலும் உள்ளன. தொல்லியலார் உடைந்த பானையை ஒட்டும்போது ஒரு முறையைக் கைக்கொள்வார்கள். கிடைத்த ஓடுகளை உரிய இடத்தில் பொருத்துவார்கள். கிடைக்காத இடத்தை வெற்றுச் சுண்ணச் சாந்தால் நிரப்புவார்கள். பானை முழு வடிவம் பெறும். ஆனால் எது குயவன் கை, எது நம் கை என்பது பார்ப்பவனுக்குத் தெரியும். பழைய ஓட்டின் நிறத்தை அப்படியே சாந்துக்குப் பூசி ஏமாற்ற மாட்டார்கள். விரல் அழுந்திக் கோணிய விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கவும் மாட்டார்கள். கோணல்தான் அவன் கைரேகை.

காலத்தால் நேர்ந்த கேட்டைச் சரிசெய்யலாம். பூச்சி அரித்ததும் நிறம் வெளுத்ததும் படத்தின் பேச்சு அல்ல. வரைந்த கை விட்டுச் சென்றதைத் தொடுமுன், அது பிழைதானா என்று கேட்க வேண்டும். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்க வேண்டும். நான் இந்த இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் மலர்க் குழுவினரிடம் சென்று அட்டையை நிறுத்தும்படி கேட்டேன். நான்கு வண்ணத் தகடுகளும் போட்டாகிவிட்டன. விழாவுக்கு இரண்டு வாரமே இருந்தது. அவர்கள் தயங்கியதில் நியாயம் உண்டு. மூத்த உறுப்பினர் ஒருவர் அமைதியாக ஒரு கருத்தைச் சொன்னார்: "ஆண்டவரைச் சந்தித்தவள் நிமிர்ந்து நிற்பதுதானே பொருத்தம்? பதினெட்டு ஆண்டு கூனியிருந்த பெண்ணை நிமிரச் செய்தவர் அல்லவா அவர்?" லூக்கா நற்செய்தியின் அந்தப் பெண்ணை அவர் நினைவூட்டியபோது எனக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை.

சற்று நேரம் கழித்தே சொன்னேன். கிணற்றடியில் அந்தப் பெண்ணின் உடம்பை யாரும் குணமாக்கியதாக நற்செய்தியில் இல்லை. களைத்துப்போன ஒருவர், சுமக்கிற ஒருத்தியிடம் தண்ணீர் கேட்டார். அவள் எப்படி நின்றாளோ அப்படியே அவளோடு நெடுநேரம் பேசினார். அவளும் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். ஓடியபோதும் அந்த இடுப்பு சாய்ந்தேதான் இருந்திருக்கும். அவளை நேராக்கிய பிறகுதான் அட்டையில் போடத் தகுதி என்றால், அந்தக் கிணற்றடியில் நடந்ததையே நாம் மாற்றி எழுதுகிறோம் என்றேன். எல்லாரும் உடன்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். புதிய தகடுகளுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். பங்குத்தந்தை சரி என்றார்.

கணினியை மீண்டும் திறந்தேன். அடுக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் 1991ஆம் ஆண்டுக் கோடு அப்படியே இருந்தது. எதுவும் அழிந்துவிடவில்லை. தஞ்சையில் சாந்தை உரிக்க எத்தனை பேர் உழைக்க வேண்டியிருந்தது! எனக்குப் பேனாவின் ஒரு தட்டல் போதுமானதாக இருந்தது. கணினியைக் குறை கூறுகிறவர்களிடம் இதை மட்டும் சொல்வேன்: மறைக்கவும் அது வசதி செய்தது, மீட்கவும் அதுவே வசதி செய்தது. எந்த அடுக்கைத் திறந்துவைப்பது என்பது பேனா பிடித்தவனின் பொறுப்பு.

சாய்ந்த தோளும் ஒதுங்கிய இடுப்பும் பழைய கோட்டிலேயே இருக்கட்டும் என விட்டேன். வானத்தின் நீலமும் குடத்தின் ஈரமும் இருக்கட்டும். அவை இன்றைய என் கை. பூச்சி அரித்த மூலையை மட்டும், உற்றுப் பார்த்தால் தெரியும்படி சற்று வெளிறிய நிறத்தில் நிரப்பினேன். உள்பக்கத்தில் 'கோடு 1991. வண்ணம் இவ்வாண்டு' என்று குறிக்கச் சொன்னேன். தங்கை மகளிடம் ஏன் இப்படி என்று விளக்கியபோது அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் அவள் தன் தாயை நிற்கவைத்துக் காகிதத்தில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். என் தங்கையின் இடது இடுப்பும் சற்று ஒதுங்கியிருப்பதை அப்போதுதான் கண்டேன். பத்து வயதில் தூக்கிய அந்தச் சிறு குடம்!

மூலப் படத்தை இப்போது அலமாரியின் மேல்தட்டில், ஈரம் ஏறாத இடத்தில், வெள்ளைத் துணியில் பொதிந்து வைத்திருக்கிறேன்.

விழா நாளன்று திருப்பலி முடிந்ததும் மலரை வாசலில் விநியோகித்தார்கள். சின்னம்மாவை நாற்காலியில் அமர்த்தி ஒரு படி கொடுத்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அந்தத் தாழ்ந்த தோளின்மேல் விரலை வைத்தார். பிறகு மலரை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆலய முற்றத்தில் வேப்ப நிழலில் அம்மாவின் வயதை ஒட்டிய பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் மலரையும் செபமாலையையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாருமே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றார்கள். நாற்பது ஆண்டுகளாகப் படம் வரைகிறவன், அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.